ஏழு பேரில் ஒருத்தி உட்கார வேண்டும்

ரம்யா,

நேற்று நீ போனில் அழுததை உன் அப்பாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் ஷிஃப்டுக்குப் போகாமல் ஓசூர் பஸ்ஸில் ஏறி, உன்னைத் திட்டிய அந்த மனிதரின் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பார். ரிடையர் ஆகப்போகிற நேரத்தில் அவருக்கு இதெல்லாம் வேண்டாம். "ரம்யா என்ன சொன்னா?" என்று கேட்டார். "சாப்பிட்டாளாம்" என்றேன். அதுவும் பொய்தான். நீ சாப்பிடவில்லை என்பது உன் குரலிலேயே தெரிந்தது.

போனில் உனக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நான் ஒரு பேச்சைத் தொடங்கினால் நீ அதை முடித்துவிடுகிறாய், அதுவும் தப்பாக. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார். லீவு நாளில் உங்கள் அபார்ட்மென்ட் பெண்பிள்ளைகளைச் சேர்த்து வாலிபால் சொல்லிக்கொடுக்கிறாய். பக்கத்து அபார்ட்மென்ட்டோடு நடந்த மேட்சில் எல்லாப் பிள்ளைகளையும் மாற்றி மாற்றி இறக்கினாய். தோற்றுப்போனீர்கள். நன்றாக விளையாடுகிற ஒரு பிள்ளையின் அப்பா எல்லார் முன்னாலும், "ஜெயிக்க வைக்கத் தெரியாதவங்க எதுக்குக் கோச்சுன்னு சொல்லிக்கிட்டு வர்றீங்க?" என்று கேட்டிருக்கிறார். அப்புறம் வாட்ஸ்அப் குரூப்பில் ஆளுக்கு ஒன்று எழுதியிருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை இன்னொரு மேட்ச், அதற்கு நீ போகப்போவதில்லை. "எனக்கு எதுக்கும்மா இந்த வேலை? நான் செஞ்சது சரியா தப்பா, அத மட்டும் சொல்லு" என்று கேட்டாய்.

அதை ஒரு வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நம் பிளாக் டீமில் அந்த இரண்டு வருஷம் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், கேள். நான்தானே கேப்டன், எனக்குத் தெரியாததா என்று நினைப்பாய். நீ கோட்டுக்கு உள்ளே நின்று பார்த்தாய், நான் வெளியே நின்று பார்த்தேன். வெளியே நிற்கிறவளிடம் பெரியவர்கள் வந்து பேசியதில் பாதி உன் காதுக்கு வந்ததே இல்லை.

நீ ஏழாம் வகுப்பு முடித்த கோடை லீவு. நம் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் பையன்கள் விளையாடுவார்கள். ஒருநாள் சாயங்காலம் முகமெல்லாம் சிவந்து வந்து நின்றாய். "பசங்க எங்கள சேர்த்துக்கவே மாட்டேங்கிறாங்கம்மா. பந்து வெளிய போனா எடுத்துப் போட மட்டும் கூப்பிடறாங்க." நான் கிரைண்டரை நிறுத்திவிட்டு அப்படியே மாவுக் கையோடு வந்தேன். அந்தப் பையன்களிடம் என்ன பேசினேன் என்று நினைவில்லை. வாரத்தில் பாதி நாள் மைதானம் பெண்களுக்கு என்று முடிவானது மட்டும் நினைவிருக்கிறது. கல்யாணமாகி இந்த நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வந்ததிலிருந்து நான் பந்தைத் தொட்டதே இல்லை. அன்றைக்கு எடுத்து நெட்டுக்கு மேலே ஒரு தட்டு தட்டினேன். நீ அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, உனக்கு விளையாடத் தெரியுமா?" என்று கேட்டாய். திண்டுக்கல்லில் காலேஜ் டீமில் இருந்தவளிடம் பெற்ற பெண் கேட்ட கேள்வி அது.

டீமில் இருந்தேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். இருந்தது பெஞ்சில். ஒரு வருஷம் முழுக்க டீம் போன ஊருக்கெல்லாம் போனேன், பந்துப் பையைத் தூக்கினேன், தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன், ஒரு பாயிண்ட் விளையாடவில்லை. மதுரையில் ஒரு மேட்ச் நடந்தபோது என் அப்பா தோட்ட வேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருந்தார். ஓரமாக நின்று முழுதும் பார்த்தார். திரும்பிப் போகும்போது, "நல்லா ஆடுனாங்கம்மா உங்க ஆளுக" என்றார். அவ்வளவுதான் சொன்னார். என் டீம் அன்றைக்கு ஜெயித்தது. கப்போடு எடுத்த போட்டோவில் நானும் இருக்கிறேன். அந்தப் போட்டோவை நான் வீட்டில் மாட்டாததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

அதனால் நம் டீமுக்கு நான் ஒரே ஒரு சட்டம்தான் வைத்தேன். லீவு முடிந்தபோது ஏழு பேர் நிலைத்திருந்தீர்கள். உள்ளே ஆறு பேர், ஒவ்வொரு செட்டிலும் ஒருத்தி உட்கார வேண்டும். யாரும் ஒரு மேட்ச் முழுக்க உட்காரக் கூடாது, உட்காருவது முறை வைத்து மாறிக்கொண்டே வரும், மூன்றாவது செட் என்று ஒன்று வந்தால் மட்டும் முதல் செட்டில் உட்கார்ந்தவளே மறுபடி உட்காருவாள். மைதானத்தில் உங்களை வட்டமாக உட்கார வைத்து இதைச் சொன்னபோது எல்லாரும் தலையாட்டினீர்கள். டவுன்ஷிப்புக்குள்ளே பிளாக்குக்கு பிளாக் விளையாடியவரை ஒரு பிரச்னையும் வரவில்லை. சிலதில் ஜெயித்தோம், சிலதில் தோற்றோம், எல்லாவற்றுக்கும் பிறகு குச்சி ஐஸ் சாப்பிட்டோம்.

அமுதாவை மைதானத்துக்குக் கூட்டிவந்தது நீதான். பள்ளியில் உன் பக்கத்து பெஞ்ச். வடக்குத்து கிராமத்திலிருந்து சைக்கிளில் வருவாள். அந்த வயதிலேயே என்னைவிட உயரம். அவள் எகிறி அடித்தால் எதிரே நிற்கிற பிள்ளைகள் கண்ணை மூடிக்கொள்ளும். அவள் அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. லாவண்யா நம் பக்கத்துத் தெரு, அவள் அப்பா தெர்மல் பவர் ஸ்டேஷனில் பர்மனென்ட். அவளும் நன்றாக விளையாடுவாள், தோற்றால் அன்றைக்கு யாரோடும் பேச மாட்டாள். பர்வீன் மந்தாரக்குப்பம் செருப்புக்கடைக்காரர் மகள். குள்ளம், குண்டு, எகிறவே வராது, சர்வீஸைக் கீழே இருந்துதான் தட்டுவாள், அதிலும் பாதி நெட்டில் விழும். ஆனால் ஒருநாள்கூட லீவு போட்டதில்லை. நான் வருவதற்கு முன்னால் நெட்டைக் கட்டி வைத்திருப்பாள்.

கடலூரில் நடந்த போட்டிக்குப் பெயர் கொடுத்த பிறகுதான் சட்டத்துக்குச் சோதனை வந்தது. அரையிறுதியிலிருந்து விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறவர்கள் வந்து பார்ப்பார்கள் என்று பேச்சு வந்தது. உடனே லாவண்யாவின் அப்பா நம் வீட்டுக்கு வந்தார். நீ டியூஷனில் இருந்தாய். காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "மேடம், நல்லா ஆடுற ஆறு பேர் இருக்காங்க. அந்த ஆறு பேரை வச்சு ஆடுங்க. இது என்ன பர்த்டே கேக்கா, ஆளுக்கு ஒரு துண்டு வெட்டிக் குடுக்க?" என்று கேட்டார். ஏழாவது பிள்ளைக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். "அது ரிசர்வ். எல்லா டீமுலயும்தான் ரிசர்வ் இருக்கு" என்றார். எனக்கு அது தெரியாதா? காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, ரம்யா. பெண்ணை விடியற்காலையில் எழுப்பி ஓட வைக்கிறவர், அவள் ஷூவுக்குத் தானே பாலிஷ் போடுகிறவர். உன் அபார்ட்மென்ட்காரரும் அப்படித்தான் இருப்பார். கத்துகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தங்கள் பிள்ளைக்காகத்தான் கத்துகிறார்கள். உன்னைப் பிடிக்காமல் கத்தவில்லை.

அமுதாவின் அப்பா வந்தது வேறு மாதிரி. ஷிஃப்ட் முடிந்து மைன்ஸ் மண் ஒட்டிய சட்டையோடு, மைதானத்துக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்தான் கிட்டப் போனேன். "மேடம், அமுதாவ மட்டும் உக்கார வைக்காதீங்க. பாக்க வர்றவங்க கண்ணுல அவ பட்டாப் போதும். விடுதியில சேந்துட்டா படிப்பு, சாப்பாடு எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்களாம். இந்த ஒரு வாட்டி மட்டும்" என்றார். லாவண்யா அப்பாவிடம் சும்மா இருந்த என்னால் இவரிடம் இருக்க முடியவில்லை. அரையிறுதியில் அமுதாவை உட்கார வைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எல்லாருக்கும் முறை என்று உங்களிடம் ஒரு வாக்கு, அமுதா உட்கார மாட்டாள் என்று இவரிடம் ஒரு வாக்கு. அரையிறுதியின் இரண்டாவது செட்டில் உட்கார வேண்டிய முறை அமுதாவுக்கு. இரண்டு வாக்கையும் காப்பாற்ற, அவளுக்குப் பதில் உட்கார வைக்க என் கையில் இருந்தது என் பெண் நீ ஒருத்திதான்.

அரையிறுதி மேட்ச் உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். கடல் காற்று, பந்து போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் காற்று சொல்கிற இடத்துக்குப் போகிறது. முதல் செட்டில் பர்வீன் உட்கார்ந்தாள், ஜெயித்தோம். இன்னும் ஒரு செட் எடுத்தால் ஃபைனல். தண்ணீர் குடிக்கும்போது நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அம்மா, இதே ஆறு பேரு. முடிச்சிடலாம்" என்றாய். லாவண்யாவின் அப்பா கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "மேடம், மாத்தாதீங்க! மாத்தாதீங்க!" என்று கத்தினார். அமுதாவின் அப்பா கத்தவில்லை, கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். பர்வீன் என்னைப் பார்க்கவே இல்லை. ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். தான் உள்ளே போக மாட்டோம் என்று முடிவு செய்துவிட்ட பிள்ளை அப்படித்தான் லேஸைக் கட்டும். நானும் கட்டியிருக்கிறேன்.

"பர்வீன், உள்ள போ. ரம்யா, நீ உட்காரு" என்றேன்.

நீ என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்த செட் போனது. பர்வீன் போட்ட சர்வீஸ் மூன்று தடவை நெட்டில் விழுந்தது, ஒவ்வொரு தடவையும் நம் பக்கத்துப் பெற்றோர் கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. மூன்றாவது செட்டில் நீ உள்ளே வந்தாய், பர்வீன் உட்கார்ந்தாள். முதல் செட்டை ஜெயித்த அதே ஆறு பேர். அதையும் தோற்றோம், கடைசி இரண்டு பாயிண்டில். அந்த மூன்றாவது செட்டை யாருமே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. தோற்றது பர்வீனால்தான் என்று எல்லாரும் ஒரே மாதிரி பேசினார்கள். ஆள் எடுக்க வந்தவர்கள் ஃபைனல் ஆடிய டீம்களிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். லாவண்யாவின் அப்பா என்னிடம் வந்து, இந்தத் தடவை சத்தமே இல்லாமல், "உங்க பொண்ணை உட்கார வச்சீங்க, சரி, அது உங்க இஷ்டம். அதுக்கு எங்க பொண்ணு ஏன் தோக்கணும்?" என்று கேட்டார்.  யாராவது உன்னிடம் அப்படிக் கேட்டால் உடனே பதில் சொல்ல முயற்சி பண்ணாதே. நியாயமான கேள்விதான் என்று மட்டும் சொல்.

வேனில் வரும்போது பின்சீட்டில் பிள்ளைகள் பண்ருட்டி தாண்டுவதற்குள் பாட்டுக்குப் பாட்டு ஆரம்பித்துவிட்டார்கள். அமுதாவும் சேர்ந்து பாடினாள். முன்சீட்டில் பெரியவர்கள்தான் நெய்வேலி வரைக்கும் மூச்சு விடவில்லை. பாடாமல் இருந்தது மூன்று பேர். லாவண்யா, பர்வீன், நீ. வீட்டுக்கு வந்ததும் பையைத் தூக்கி எறிந்துவிட்டு, "நீ எனக்கு அம்மாவா, அவளுக்கு அம்மாவா?" என்று கேட்டாய். அப்பா உன்னைத் திட்ட வாயெடுத்தார், நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். கேட்க உனக்கு உரிமை இருந்தது. உன்னைக் கேட்காமல்தானே உன்னை எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் லாவண்யா வரவில்லை. அவள் அப்பா கடலூரில் ஏதோ கோச்சிங் சென்டரில் சேர்த்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம். ஏழு பேர் ஆறு பேரானது. நீ வந்தாய், ஆனால் என்னோடு பேசவில்லை. பர்வீன் வழக்கம்போல் நெட்டைக் கட்டிவிட்டு என்னிடம் வந்தாள். "ஆன்ட்டி, நான் டீமை விட்டு நின்னுக்கட்டுமா? நான் நின்னா லாவண்யா வந்துடுவா" என்றாள்.  நான் ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து உன் குரல்தான் வந்தது. "நீ நின்னா அஞ்சு பேரு. அஞ்சு பேர வச்சுக்கிட்டு என்ன பண்றது, தாயமா ஆடறது? வாடி இங்க. கைய மேல தூக்கு. அதுக்கும் மேல. இப்ப அடி."

அதில் அன்பு இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பச்சைக் கோபம். இவள் ஆடித்தான் ஆக வேண்டும் என்றால் இவளுக்கு சர்வீஸ் போடத் தெரிந்தே ஆக வேண்டும் என்கிற கோபம். தினமும் எல்லாரும் போன பிறகு நீங்கள் இரண்டு பேரும் நெட்டுக்கு முன்னால் நின்றீர்கள். அவள் அடிப்பாள், நெட்டில் விழும், நீ கத்துவாய். மறுபடி அடிப்பாள். ஒரு வாரத்தில் அவள் அப்பா டிவிஎஸ்ஸை ஓட்டிக்கொண்டு மைதானத்துக்கே வந்துவிட்டார். புகார் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று பயந்தேன். "உள்ளங்கை எப்படி செவந்து கிடக்குது பாருங்கம்மா. அதை வீட்ல ஒவ்வொருத்தருக்கா காட்டிக்கிட்டு சுத்துறா" என்று சிரித்தார். அப்புறம் தினமும் வந்து, நீ கத்துவதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பயிற்சி என்று நான் செய்துகொண்டிருந்தது என்ன? நெட்டுக்குப் பக்கத்தில் நின்று அமுதாவுக்கும் லாவண்யாவுக்கும் உனக்கும் பந்தைத் தூக்கிப் போட்டேன், நீங்கள் அடித்தீர்கள். வெளியே ஓடுகிற பந்தை எடுத்துவந்து கொடுத்தது பர்வீன். பையன்கள் உன்னைப் பந்து எடுத்துப் போடச் சொன்னார்கள் என்று மாவுக் கையோடு சண்டைக்குப் போனவள் நான், என் கண் முன்னாலேயே இந்தப் பிள்ளை அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. மேட்சில் அவளுக்கு ஒரு செட் கொடுத்தால் நியாயம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன். பெரிய கூட்டத்துக்கு முன்னால் அவளைத் தயார் பண்ணாமல் உள்ளே அனுப்பினேன். நீ அவளுக்குக் கொடுத்தது மேட்ச் இல்லாத மற்ற நாட்களை. அந்த விஷயத்தில் உனக்கு நான் கோச் இல்லை, ரம்யா. நீதான் எனக்கு. மறுவாரத்திலிருந்து பயிற்சியில் முதல் அரைமணி நேரம், யாருக்கு எது வரவில்லையோ அதற்குத்தான் என்று மாற்றினேன். அமுதாவுக்குப் பந்தைக் கீழே குனிந்து எடுக்க வராது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பொங்கல் முடிந்து ஒருநாள் லாவண்யா மைதானத்துக்கு வெளியே மதகுக் கட்டையில் ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பந்து அவள் பக்கம் ஓடியது, எடுத்துக்கொண்டு அப்படியே உள்ளே வந்துவிட்டாள். அவள் அம்மா மார்க்கெட்டில் என்னைப் பார்த்தபோது சொன்னார்கள். அந்தக் கோச்சிங் சென்டரில் இவளைவிட நன்றாக ஆடுகிற பிள்ளைகள் நிறையப் பேராம், போன மேட்சில் எல்லாம் இவளை உட்கார வைத்துவிட்டார்களாம். "அவ அப்பா ஒவ்வொரு மேட்சுக்கும் போய் நின்னு பாத்துட்டு வந்தாரு. அப்புறம் அவரேதான் சொன்னாரு, பழைய எடத்துக்கே போன்னு" என்றார்கள். இதைச் சொல்லி அந்த அம்மா சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை ஓரமாக நின்று பார்க்கிற அப்பாவின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வருஷமும் கடலூர் போனோம். மறுபடி ஏழு பேர், அதே சட்டம். ஆனால் இந்தத் தடவை புறப்படுவதற்கு முன்னாலேயே எல்லாப் பெற்றோரையும் மைதானத்துக்குக் கூப்பிட்டு, முறை இப்படித்தான் வரும், ஃபைனலானாலும் இப்படித்தான், சம்மதமா என்று கேட்டேன். அமுதாவின் அப்பாவும் "சரிங்க" என்றார். அரையிறுதியை ஜெயித்தோம். பர்வீன் மேலே இருந்து அடித்த சர்வீஸ் நெட்டைத் தாண்டிப் போகும்போது உன் வாய் தானாகத் திறந்துகொண்டதை நான் பார்த்தேன். ஃபைனலுக்கு வந்து சேர்ந்தோம். ஆள் எடுக்கிறவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் செட்டில் யார் உட்கார வேண்டும் என்று பார்த்தால், முறை அமுதாவுக்கு.

 சட்டத்தை மாற்றினால் இவ்வளவு நாள் சொன்னதெல்லாம் பேச்சாகிவிடும். மாற்றாவிட்டால் இந்த வருஷமும் அந்தப் பிள்ளை என்னால் போய்விடும். அமுதா துண்டை எடுத்துக்கொண்டு பெஞ்ச் பக்கம் நடந்தாள். அப்போது லாவண்யா அவள் கையிலிருந்து துண்டைப் பிடுங்கினாள். "ஆன்ட்டி, இந்த செட்டு நான் உட்கார்றேன். என் முறை வர்றப்ப அவ உட்காரட்டும்." நான் நிமிர்ந்து அவள் அப்பாவைப் பார்த்தேன். கயிற்றுக்குப் பின்னால்தான் நின்றார். லாவண்யா சொன்னது அவர் காதில் விழுந்தது, அது எனக்குத் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். நான் "சரி" என்றேன். சட்டம் என்னுடையது, முறை அவளுடையது. அதை யாருக்குக் கொடுப்பது என்பது அவள் இஷ்டம். அதற்கு முந்தைய வருஷம் உன்னிடமிருந்து நான் எடுத்ததற்கும், இவள் தானாகக் கொடுத்ததற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அந்த நிமிஷத்தில் புரிந்தது.

ஃபைனலில் தோற்றோம். பர்வீன் ஒரு சர்வீஸை வெளியே அடித்தாள், நீ இரண்டை வெளியே அடித்தாய், யாரும் கூட்டத்திலிருந்து சத்தம் போடவில்லை. எதிர் டீம் நம்மைவிட நல்ல டீம், அவ்வளவுதான். ஆள் எடுக்க வந்தவர்கள் அமுதாவின் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள்.

இனி நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. விடுதியிலிருந்து தகவல் வந்த அன்றைக்கு அமுதாவின் அப்பா சைக்கிள் கேரியரில் ஒரு பலாப்பழத்தைக் கட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை, படியிலேயே நின்றார். "மேடம், போன வருசம் உங்க மேல எனக்கு ரொம்பக் கோவம். பொய் சொல்ல மாட்டேன், இப்பவும் கொஞ்சம் இருக்குது. எம்பொண்ணுக்கு ஒரு வருசம் போயிடுச்சில்லீங்களா?" என்றார். "ஆமாங்க, போயிடுச்சு" என்றேன்.  அவர் பழத்தைப் படியில் இறக்கி வைத்தார். "ஆனா ஒண்ணுங்க. அன்னிக்கு மேட்சு முடிஞ்சு வூட்டுக்கு வந்ததுலேருந்து லாவண்யா எனக்காக உக்காந்தா, லாவண்யா எனக்காக உக்காந்தான்னு அதையேதான் சொல்லிக்கினு இருந்தா. அவ பேரை எழுதிக்கினு போனாங்கன்றத அதுக்கப்புறம்தான் சொன்னா." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்ததைப் பெருமை என்றும் சொல்ல முடியாது, ஆச்சரியம் என்றும் சொல்ல முடியாது. எனக்கு அன்றைக்கு வயிறு நிறைந்தது. அவர் கோபம் மிச்சம் இருந்ததும் எனக்குப் பிடித்தது. அது உண்மையான கோபம், அதைப் பொறுத்துக்கொண்டுதான் அவர் அந்தப் பழத்தைச் சுமந்து வந்திருந்தார்.

அமுதா சில வருஷம் நன்றாக ஆடினாள், அப்புறம் முழங்கால் போய்விட்டது. ஆனால் விடுதியில் இருந்ததால் டிகிரி முடித்தாள், இப்போது விருத்தாசலத்தில் ஒரு பள்ளி ஆபீஸில் வேலை. லாவண்யா கல்யாணத்துக்கு நீயே போய் வந்தாய். பர்வீனை போன மாதம் மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் பார்த்தேன், கையில் ஒரு குழந்தை, அவளை மாதிரியே குண்டு. "ரம்யா இன்னும் கத்திக்கிட்டுத்தான் இருக்காளா ஆன்ட்டி?" என்று கேட்டாள். இப்போது சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள் என்றேன். "ஐயோ பாவம் அந்தப் பிள்ளைங்க" என்று சொல்லி, குழந்தை பயந்துபோகிற அளவுக்குச் சிரித்தாள்.

ஆகவே சரியா தப்பா என்று என்னைக் கேட்காதே. முதல் வருஷம் நான் செய்ததில் பர்வீனுக்குக் கொடுத்தது சரி, உன்னைக் கேட்காமல் எடுத்தது சரியில்லை, அமுதாவின் ஒரு வருஷம் போனது என்னால்தான். மூன்றும் ஒரே நாளில் ஒரே வாக்கியத்தில் நடந்தவை. அதை நினைத்து இப்போது எனக்குத் தூக்கம் கெடுவதில்லை. எல்லாருக்கும் முறை வேண்டும் என்றால் யாரோ ஒருத்தி உட்கார்ந்துதான் ஆக வேண்டும், உட்காருகிறவளுக்கு வலிக்கத்தான் செய்யும். வலிக்காத மாதிரி ஒரு வழியை நான் இதுவரை பார்க்கவில்லை. உன் பிள்ளைகளிடமும் அவர்களைப் பெற்றவர்களிடமும் மேட்சுக்கு முன்னால் பேசு, மேட்ச் நடக்கும்போது பேசாதே. வாட்ஸ்அப்பில் பேசவே பேசாதே, ஆளைப் பார்த்துப் பேசு. அந்த அப்பாவைக் கூப்பிட்டு ஒரு காபி கொடு. அவர் பெண்ணுக்கு என்ன வரவில்லை என்று கண்டுபிடித்துச் சொல்லிக்கொடு. கடைசியாக நிற்கிற பிள்ளைக்கு முதல் அரைமணி நேரத்தைக் கொடு. இதெல்லாம் உனக்கே தெரியும், உன் பதின்மூன்று வயதில் என்னிடம் கேட்காமலேயே செய்தாய். அதற்குள் விட்டுவிடுகிறேன் என்கிறாயே, உன் கோபம் எங்கே போனது?

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு வீக்லி ஆஃப். சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுகிறோம். அவருக்கு விஷயத்தை வழியில் சொல்லிக்கொள்கிறேன், ஓசூர் வருவதற்குள் ஆறிவிடுவார். மேட்சில் எல்லாப் பிள்ளைகளையும் இறக்கு. நான் கயிற்றுக்குப் பின்னால் மற்றவர்களோடுதான் நிற்பேன், உன் விஷயத்தில் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் ஒன்று. என்னைப் பெரிய ஞானி என்று நினைத்துவிடாதே. நீங்கள் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. ஒவ்வொரு பாயிண்டுக்கும் கத்துவேன், தோற்றால் திரும்பி வரும்வரை பஸ்ஸில் உன் அப்பாவோடு பேச மாட்டேன்.

அம்மா